தண்ணீர் வெட்டு

அந்த வாரம் பத்தாங் பெர்ஜுந்தையில் குழாய் திறந்தால் காற்று.
டயர்க் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் சபை.
நீலத் தொட்டி காய்ந்து கிடந்தது,
அடியில் செத்த பல்லி ஒன்று.
ஆற்றிலே கொடுக்கலாமே என்றார் ஒருவர்.
ஆற்றங்கரையில் முதலைப் படம் போட்ட பலகை.
ஆகவே, முழுக்கு அடுத்த ஞாயிறு என்று
எட்டுப் பேருக்கும் வாட்சாப்பில் அனுப்பினேன்.
ஏழு பேர் ஆமென் போட்டார்கள்.
அய்யாவு கட்டைவிரலை மட்டும் காட்டினார்.

செம்பனை லோரி ஓட்டுகிறவர்.
பதினோரு வருடம் கடைசி நாற்காலி,
கதவோரம், செருப்புக் குவியலைப் பார்த்தபடி.
வீட்டில் பச்சையம்மா மாரியாத்தாவுக்கு விளக்கேற்றுவார்;
அதற்கு எண்ணெய் வாங்கி வருவது இவர்.
அதனால்தான் தள்ளிப்போகிறது என்று பேசிக்கொள்வோம்.
அவர் சொன்ன காரணம் வேறு:
"முழுகி எழுந்தா அப்புறம் சுத்தமா இருக்கணும்ல தங்கச்சி.
நம்ம வாய் அப்படியா?"

நான் ஆலையில் எடைப்பாலத்துக் கிராணி.
லோரி குலையோடு ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும், இன்னோர் எண்.
நடுவில் இருப்பதுதான் பழம்.
துண்டில் சாப்பு இல்லையென்றால் ஆபீசில் காசு இல்லை.
ஆனால் சாப்பு விழாததால் பழம் எடை குறைந்ததை
நான் பார்த்ததில்லை.
இதைக் கமிட்டியில் சொல்ல முடியாது.

புதன்கிழமை, மூன்றரை.
அவர் லோரி ஏறியது. எண் விழுந்தது.
பச்சை விளக்கு போட்டேன். நகரவில்லை.
பின்னால் ஹாரன், அதற்குப் பின்னால் ஹாரன்.
ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.
ஸ்டியரிங்கில் தலை. கண் பாதி மூடி.
என் கையில் தண்ணீர்ப் போத்தல்,
பாதி குடித்தது, என் எச்சில் பட்டது.
நெற்றியில் ஊற்றினேன். அண்ணே என்றேன்.
மறுபடி ஊற்றினேன். அண்ணே.
மிச்சத்தையும் ஊற்றினேன். அண்ணே.
உதடு அசைந்தது,
அல்லது தண்ணீர் அதன்மேல் ஓடியது.

மறுநாள் இரவு கமிட்டி.
கல்லறையில் சபைக்கு ஒன்பது குழி மிச்சம்.
ஞானமுத்து கேட்டார்:
தண்ணீரில் பிறக்காதவரை எந்தப் பட்டியலில் எழுதுவது?
பாஸ்டர் தனராஜ் மெல்லச் சொன்னார்:
பக்கத்துச் சிலுவையில் தொங்கினவனுக்கு
யார் தொட்டி நிரப்பினார்கள்?
"அவனுக்கு நேரமில்லை பாஸ்டர்.
இவருக்குப் பதினோரு வருஷம் இருந்துச்சு."
பாஸ்டரிடம் பதில் இல்லை.
எனக்கும் இல்லை.
பதினோரு வருடம் அவருடையது,
கடைசி ஒரு வாரம் நான் அனுப்பியது.

போத்தலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
எங்கள் சபையில் தெளிப்பது செல்லாது.
பிதா என்று சொல்லவில்லை, குமாரன் என்று சொல்லவில்லை.
மூன்று தடவை சொன்னது வெறும் அண்ணே.
அதைச் சொன்னால் செல்லும் என்பார்களோ என்று பயம்.
செல்லாது என்பார்களோ என்று அதைவிடப் பயம்.

முடித்துவைத்தது பச்சையம்மா.
மாடிப்படியேறி வந்து, உட்காராமல் சொன்னார்:
"நீங்களே எடுத்துக்குங்க.
ஞாயித்துக்கிழமையில அவரு என்னிக்கு எங்கிட்ட இருந்தாரு?"

சனி இரவு குழாய் இருமியது.
முதலில் தேத்தண்ணி நிறம், பிறகுதான் தண்ணீர்.
ஏழு பேர் முழுகி எழுந்தார்கள்.
எட்டாவது வெள்ளை அங்கி, பெரிய சைஸ்,
மடிப்புக் கலையாமல் நாற்காலியில்.
தொட்டியைக் காலி செய்தது நான்தான்.
கீழே டயர்க் கடைக்காரன் வாளியோடு வந்து
கொஞ்சம் கேட்டான். கொடுத்தேன்.

ஆலைக் கணினியில் அவர் லோரி
உள்ளே வந்தபடியே நிற்கிறது.
யாரோ எடை போடாமல் ஓட்டிப்போய்விட்டார்கள்.
வெறும் எடை பழைய துண்டில் இருக்கும்,
அதைப் போட்டுக் கணக்கை மூடு என்கிறார் மேனேஜர்.
நாளைக்கு என்கிறேன்,
தினமும்.